படிக்க ஆள் வராத லாக் கோப்புகள்

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் லாக்கில்தான் எழுதுகிறது. கணக்குப்பிள்ளை குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவதுபோலத்தான் இதுவும். நடுவில் கரன்ட் போனாலும் லாக்கைப் படித்துத் தரவை மீட்டுவிடலாம். ஒரு லாக் கோப்பு வழக்கமாக 16 எம்பி. அது நிரம்பியதும் அடுத்தது தொடங்கும். பேரேட்டில் ஏறிவிட்ட பழைய கோப்புகளை போஸ்ட்கிரஸ் தானே நீக்கும், அல்லது பெயர் மாற்றி மறுபடி பயன்படுத்தும்.

ஒரே சர்வர் என்றால் இதோடு முடிந்தது. அதே தரவுக்கு வேறு சர்வர்களில் நகல் இருந்தால் கணக்கு மாறும். நகல் சர்வர்கள் இந்த லாக்கை வாங்கிப் படித்துத்தான் தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. பின்தங்கிய நகல் இன்னும் படிக்காத கோப்பு அழிந்துபோய், வேறெங்கும் அதன் சேமிப்பும் இல்லையென்றால், முழுத் தரவையும் முதலிலிருந்து படியெடுக்க வேண்டியதுதான்.

இதைத் தவிர்க்கவே 2014இல் வந்த 9.4 பதிப்பில் ரெப்ளிகேஷன் ஸ்லாட் சேர்க்கப்பட்டது. நகல் எதுவரை பெற்றிருக்கிறது என்று முதன்மை சர்வர் வைத்துக்கொள்ளும் அடையாளம் இது. அதற்குப் பிந்தைய கோப்பு எதையும் சர்வர் அழிக்காது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் நகல் சர்வரை நிரந்தரமாக அணைத்தவர் ஸ்லாட்டை நீக்க மறந்துவிட்டால், வராத ஆளுக்காக முதன்மை சர்வர் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகும். நிமிடத்துக்கு ஒரு கோப்பு என்றாலே ஒரு நாளில் 1,440 கோப்புகள், ஏறத்தாழ 23 ஜிபி. டிஸ்க் நிரம்பினால் முதன்மை சர்வரே நின்றுவிடும்.

அந்தப் பதற்றத்தில் கோப்புகளைக் கையால் அழிப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. முன்பு இந்த லாக் கோப்புகள் இருக்கும் கோப்புறைக்குப் பெயர் பிஜி_எக்ஸ்லாக். வெறும் லாக்தானே என்று அழித்து டேட்டாபேஸையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அதனால்தான் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரை பிஜி_வால் என்று மாற்றினார்கள்.

செய்ய வேண்டியது வேறு. ஸ்லாட் பட்டியலில் 'ஆக்டிவ்' என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். அங்கே 'எஃப்' என்று இருந்தால் நகல் இணைப்பில் இல்லை. அது இனி வராது என்று உறுதியானால் ஸ்லாட்டை நீக்கலாம். பேரேட்டில் ஏற்றி முடிக்கும் வேலையான செக்பாயின்ட் அடுத்தடுத்து நடக்கும்போது தேங்கிய கோப்புகள் தாமே குறையும்.

2020இல் வந்த 13ஆம் பதிப்பு முதல், ஸ்லாட்டுக்காக எவ்வளவு லாக் தேங்கலாம் என்று வரம்பு வைக்க முடிகிறது. வரம்பு மீறினால் பின்தங்கிய நகல் கைவிடப்படும், முதன்மை சர்வர் பிழைக்கும். அதுவே சரி. நகலை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். முதன்மை சர்வர் நின்றால் அதை நம்பியிருக்கும் எல்லார் வேலையும் நிற்கும். ஆனால் நிறுவும்போது இந்த வரம்பு மைனஸ் 1, அதாவது வரம்பே இல்லை. சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் டிஸ்க்கின் கொள்ளளவுக்குத் தக்க எண்ணை இன்றே அந்த வரம்பாக எழுதிவிட வேண்டும்.