பேலியோவில் எடை இறங்காமல் நிற்பது ஏன்? டீயும் பாதாமும் செய்யும் வேலை

சுங்குவார்சத்திரம்: நியாண்டர் செல்வனின் முகநூல் குழு மூலம் தமிழகத்தில் பரவியது பேலியோ டயட். இங்கு பரவிய முறை, மாவுச்சத்தை குறைப்பதில் கீட்டோவுக்கு நெருக்கமானது. சோறு, இட்லிக்கு தடா. முட்டை, கறி, பாதாம் ஓ.கே.

முதல் வாரத்தில் மளமளவென எடை இறங்கும். அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, வெறும் தண்ணீர்! சில மாதத்தில் எடை மிஷின் முள் ஒரே இடத்தில் நின்று விடும். அதற்காக பயப்பட வேண்டாம். 90 கிலோ ஆள் 80 கிலோ ஆனால் உடம்புக்கு தேவையான சாப்பாடும் குறைகிறது. தட்டில் இருப்பது மட்டும் குறைவதில்லை.

100 கிராம் பாதாமில் சுமார் 580 கலோரி. இட்லி கணக்கில் எட்டு, பத்து வரும். நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க 2 ஸ்பூன் சர்க்கரை போட்டு நாலு டீ குடித்தால் 30 கிராம் மாவுச்சத்துக்கு மேல் போய்விடும். கீட்டோவில் ஒரு நாள் முழுக்க அனுமதியே 20 முதல் 50 கிராம்தான். டீயை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எடை நின்றுவிட்டதே என்று சிலர் பட்டினி கிடக்கிறார்கள். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. சர்க்கரை திடீரென இறங்கி, ஓடும் மிஷின் முன்பே மயக்கம் வரலாம். அவர்கள் டாக்டரிடம் காட்டி மருந்து அளவை மாற்றிக்கொண்ட பிறகே சாப்பாட்டில் கைவைக்க வேண்டும்.