விகடக் கலைஞர் ஜானி லீவர்

மாதுங்கா, கிங்ஸ் சர்க்கிள், தாராவி ஆகிய பகுதிகளில் வாழும் நம்மவர் வீடுகளில், தொலைக்காட்சித் திரையில் ஜானி லீவரின் முகம் தோன்றியவுடன் ஓர் உரிமைக் குரல் எழுவதைக் கேட்டிருக்கிறோம். "நம் பக்கத்துப் பிள்ளை" என்பார் முதியவர். அவர் தமிழர் அல்லர். இன்றைய ஆந்திரத்தைச் சேர்ந்த கனிகிரியில், 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், தெலுங்கு பேசும் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஜான் பிரகாச ராவ் ஜானுமாலா. அதே ஆகஸ்டு மாதம் 30ஆம் நாள்தான் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் மறைந்தார். இவ்விரண்டிற்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆயினும் தேதிகளைப் பார்த்து வருகையில் நம் கண் அங்கே சற்று நின்றது.

தமிழரல்லாத ஒருவரைப் பற்றித் தமிழ் நேயர்களிடம் பேசுவானேன் என்று கேட்கலாம். அவருடைய நகைச்சுவை எங்கே பிறந்ததோ அந்த இடம் நம்முடைய இடம் என்பதே விடை. அதனினும் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. நகைக்கு நிலைக்களன்கள் நான்கு என்று கூறும் தொல்காப்பியம், எள்ளலை அவற்றுள் முதலாவதாக வைக்கிறது. அதற்கு உரை கண்ட பேராசிரியர் இந்த எள்ளலை இரண்டாகப் பகுத்துக் காட்டுவார்: தான் பிறரை எள்ளி நகைப்பது ஒன்று; பிறர் தன்னை எள்ளியபோது தானே நகைப்பது மற்றொன்று. பிழைப்புத் தேடி வேற்று மாநிலம் சென்றவர்கள் இவ்விரண்டாவது வகையை நன்கு அறிவர். ஜானி லீவரின் வாழ்வு, இரண்டாவதிலிருந்து முதலாவதற்குச் சென்ற ஒரு வாழ்வு.

தாராவியின் அமைப்பை நம் நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோலி மீனவரின் பழைய குடியிருப்பு ஒருபுறம். சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா ஒருபுறம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட குடும்பங்கள் ஒருபுறம். வடக்கேயிருந்து வந்த தையற்காரரும் பூவேலைக்காரரும் மற்றொருபுறம். வீட்டில் ஆளுக்கொரு மொழி; குழாயடியிலும் கடைத்தெருவிலும் அனைவர்க்கும் இந்தி. ஆனால் அந்த இந்தி ஒன்றன்று. நம் மொழியில் வல்லினத்தின் மூச்சொலிகள் எழுத்தில் இல்லாமையால் இந்தியின் நான்கு ககரங்களும் நம் நாவில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. உயிரில்லாப் பொருளையெல்லாம் அஃறிணையில் அடக்கிவிட்ட நமக்கு, ரொட்டி பெண்பால் என்றும் வீடு ஆண்பால் என்றும் சொன்னால் மயக்கம் உண்டாகிறது. வங்காளியின் மொழியிலும் இந்தப் பால் வேற்றுமை இல்லை. அவர் வாயில் அகரம் ஒகரத்தை நோக்கி வட்டமிடுகிறது. தெலுங்கருக்கோ சொல்லின் ஈற்றில் ஓர் உயிரொலி இருந்தால்தான் நிறைவு. இவ்வாறு ஒவ்வொருவர் இந்தியிலும் அவரவர் தாய்மொழி மறைந்து நின்று எட்டிப் பார்க்கும். கூர்ந்த செவியுடைய சிறுவனுக்கு இதனினும் சிறந்த பள்ளி வேறு எது?

மற்றப் பள்ளியில் அவர் நெடுநாள் பயிலவில்லை. ஆந்திரக் கல்விக் கழகத்தின் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை படித்தார். குடும்ப வறுமை அத்துடன் நிறுத்திவிட்டது. உடன்பிறந்தார் ஐவர்க்கும் மூத்தவர் அவர். தெருக்களில் பேனா விற்றார். விற்ற முறைதான் நாம் கவனிக்க வேண்டுவது. புகழ்பெற்ற நடிகர்களைப் போலப் பேசியும், திரைப்பாட்டுக்கு ஆடியும் காட்டிப் பேனாவை நீட்டுவார். சிரித்தவர்களுள் சிலர் வாங்குவர். நகைச்சுவைக்கு விலை உண்டு என்னும் பாடம் இவ்வாறு இளமையிலேயே கைவந்தது.

அக்காலச் சூழலையும் நாம் மறந்துவிடலாகாது. 1966ஆம் ஆண்டில் சிவசேனை தோன்றியபோது அதன் முதற்கணை தென்னாட்டார் மீதே பாய்ந்தது. ஜானிக்கு அப்போது வயது எட்டு. இரண்டாண்டு கழித்து, 1968இல், 'படோசன்' என்னும் இந்திப் படம் வெளிவந்தது. அதில் குடுமியும் வேட்டியுமாக மாஸ்டர் பிள்ளை என்னும் சங்கீத ஆசிரியராக மெஹ்மூத் தோன்றி, 'மதராசி' இந்தி பேசி நாடு முழுவதையும் சிரிக்க வைத்தார். நம்மவர்களும் அரங்கில் அமர்ந்து சிரித்தார்கள். மெஹ்மூத் பெரிய கலைஞர். அப்படமும் சுவையான படமே. எனினும் வெளியே வந்த பிறகு, பேருந்திலும் அலுவலகத்திலும் அதே இந்தியைத் தம்மிடம் பேசிக்காட்டியவர்களைக் கண்டு சிரிக்க இயலாமல் நின்றவர் பலர். மதராசி என்ற ஒரே சொல்லுக்குள் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் கன்னடரும் அடைக்கப்பட்டிருந்தார்கள்.

இனி ஆலைக்கு வருவோம். ஜானியின் தந்தையார் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் ஆலையில் தொழிலாளி. மகனும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, கனத்த பீப்பாய்களைத் தூக்கிச் சுமந்தார். ஒருநாள் நிறுவனத்தின் விழாவொன்றில், மேலதிகாரிகள் முன்னிலையிலேயே, அவ்வதிகாரிகள் சிலரைப் போலப் பேசியும் நடந்தும் காட்டினார். தொழிலாளர் கூட்டம் கொண்டாடியது. அன்றிலிருந்து அவர்கள் அவரை ஜானி லீவர் என்றே அழைக்கலானார்கள். உலகம் அறிந்த பெயர், உடன் உழைத்தோர் இட்ட பெயர்.

இவ்விடத்தில் பலகுரல் கலையின் இயல்பைச் சிறிது விளக்குதல் தகும். பலகுரல் கலைஞன் ஒரு மனிதனை முழுவதும் பெயர்த்தெழுதுவதில்லை. எந்த அசையை அவர் நீட்டுகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், கோபம் வந்தால் எந்தத் தோள் முதலில் உயர்கிறது என்று பார்த்து, ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சற்றே பெரிதாக்குகிறான். எஞ்சியதைக் கேட்போரின் நினைவு நிரப்பிக்கொள்கிறது. ஆதலின் மூலவரை அறிந்தவர் கூட்டத்தில்தான் இக்கலை வெல்லும். மேலாளரின் நடையை அந்த ஆலைத் தொழிலாளி அறிவான். அடுத்த ஆலைத் தொழிலாளி அறியான். திரை நடிகரின் குரலோ எங்கும் செல்லும். ஆனால் அதை ஆயிரம் பேர் செய்கிறார்கள். ஆலையிலிருந்து உலக மேடைக்குச் செல்ல விரும்பிய ஜானி லீவர் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. தனி மனிதர்களைப் போலச் செய்வதை விட்டு, பார்த்தவுடன் 'இவரை எனக்குத் தெரியும்' என்று எவரும் சொல்லத்தக்க மாதிரி மனிதர்களை அவர் படைக்க வேண்டியிருந்தது. போலச் செய்தல் முடிந்து எழுத்து தொடங்குவது அங்கேதான். அவர் அதைத் தாளில் எழுதினாரா, மனத்தில் எழுதினாரா என்பது வேறு செய்தி.

1981இல் ஆலை வேலையை விட்டார். அந்நாளில் மேடை இசைக் குழுக்களில், ஒரு பாடகர் இறங்கி மற்றவர் ஏறும் இடைவேளையை நிரப்புவதற்கென்று விகடக் கலைஞர் ஒருவரை வைத்துக்கொள்வது வழக்கம். ஜானியும் அவ்வாறே தொடங்கினார். இசையமைப்பாளர்களாகிய கல்யாண்ஜி, ஆனந்த்ஜி சகோதரர்களின் மேடை நிகழ்ச்சிகளில் அவர்க்கு இடம் கிடைத்தது. 1982இல் அமிதாப் பச்சன் குழுவினருடன் வெளிநாடுகளில் சுற்றி வந்தார். 'ஹன்சி கே ஹங்காமே' என்னும் பெயரில் ஒலிநாடாவும் வெளிவந்து வீடுதோறும் ஒலித்தது. வானொலியோடு பழகிய நமக்கு அந்த நாடாவின் அருமை விளங்கும். ரப்பர்போல் வளையும் அவர் முகத்தைக் காண்பதற்கு அதில் வழியில்லை. குரலும் சொல்லும் மட்டுமே நின்று வென்றாக வேண்டும். வென்றன.

திரைப்படத் துறையில் சுனில் தத் 'தர்த் கா ரிஷ்தா' என்னும் தம் படத்தில் 1982இல் அவர்க்கு ஒரு வேடம் அளித்தார். ஆயினும் பெரிய திருப்பம் உடனே வரவில்லை. 1986ஆம் ஆண்டில் இந்தித் திரையுலகத்தார் திரண்டிருந்த 'ஹோப் 86' என்னும் நிகழ்ச்சியில், வழக்கம்போல் இடைவேளை நிரப்புவதற்காகவே அவரை மேடையேற்றினார்கள். கூட்டம் அவரை இறங்க விடவில்லை. அதைக் கண்ட தயாரிப்பாளர் குல் ஆனந்த், 1987இல் வெளிவந்த 'ஜல்வா' படத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். பிறகு 1993இல் வந்தது 'பாஜிகர்'. அதில் மறதிக்காரப் பணியாள் பாபுலாலாக அவர் செய்த சேட்டைகளை, கொலையும் பழிவாங்கலும் நிறைந்த அப்படத்தின் கதையை மறந்தவர்கள்கூட மறக்கவில்லை. 'தீவானா மஸ்தானா' (1997), 'தூல்ஹே ராஜா' (1998) ஆகிய படங்களுக்காக ஃபிலிம்ஃபேர் இதழின் சிறந்த நகைச்சுவை நடிகர் விருதை இருமுறை பெற்றார். நடித்த படங்கள் முந்நூற்றுக்கும் மேல்.

பாபுலாலின் பேச்சை எழுதியவர் யார்? படப்பிடிப்புத் தளத்தில் தமக்கென்று எழுதி வைக்கப்பட்ட உரையாடல் இல்லாமையால் தாமே புனைந்து பேசியதாக ஜானி லீவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். அவ்வாறு புனைபவரை நடிகர் என்கிறோமேயன்றி எழுத்தாளர் என்பதில்லை. தமிழ்த் திரையிலும் இவ்வழக்கு உண்டு. கலைவாணர் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்தார். 1989இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியில் நடித்த கவுண்டமணியையும் செந்திலையும் அறியாத தமிழர் இலர். அந்நகைச்சுவையை எழுதிய ஏ. வீரப்பனின் பெயரைக் கேட்டால் பத்தில் ஒருவர் சொன்னாலே வியப்பு. சிரிப்பு வந்தவுடன் அது எங்கிருந்து வந்தது என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எழுதித் தரப்படாத வேடங்கள் எல்லாம் நன்றாய் அமைந்தன என்று நாம் கூறமாட்டோம். படமெடுத்தோர் பலர், முகத்தைக் கோணி உரக்கக் கத்தினால் நகைச்சுவை தானே வந்துவிடும் என்று எண்ணினார்கள். அவரும் கேட்டதைக் கொடுத்தார். ஒரே ஆண்டில் அளவுக்கு மிஞ்சிய படங்களில் நடித்த காலத்தில் பாபுலாலின் நிழல்களே மீண்டும் மீண்டும் வந்தன. அவரை மேடையில் கண்டவர்களுக்கு இக்குறை நன்கு தெரியும். மேடையில் அவர் அரைக்கணம் வாய்மூடி நிற்பார், கூட்டம் சிரிக்கும். படத்தொகுப்பாளரின் கத்தரி அந்த அரைக்கணத்தைத்தான் முதலில் நறுக்குகிறது.

தொலைக்காட்சி அவர்க்கு மேடையை ஒருவாறு மீட்டுக் கொடுத்தது. 2005ஆம் ஆண்டில் ஸ்டார் ஒன் அலைவரிசையின் நகைச்சுவைப் போட்டி வடநாடெங்கும் பரவியது. தமிழில் விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப் போவது யாரு' தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இசைக்குழு இடைவேளையில் நின்றவனுக்கு இப்போது முழு மேடையும் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜீ தொலைக்காட்சியில் 'ஜானி ஆலா ரே' என்று அவர் பெயராலேயே ஒரு நிகழ்ச்சி வந்தது. 'ஜானி வந்தான்' என்று பொருள்படும் அத்தலைப்பில் 'ஆலா' என்பது மராத்திச் சொல். மதராசி என்று விரல் நீட்டப்பட்ட தலைமுறையில் வளர்ந்த தெலுங்குப் பிள்ளையின் வரவை, அம்மாநகரம் தன் சொந்த மொழியில் கூவி அறிவித்தது.

அவர் செய்தது பழிக்குப் பழி அன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். குஜராத்திச் சேட்டும் வங்காளி அதிகாரியும் தென்னாட்டு ஊழியரும் இந்தி பேசும் வகையை ஒருவர் மேடையில் பேசிக்காட்டும்போது, அவருடைய இந்தியும் அந்த வரிசையில் ஒன்றே. மூலமான, தூய்மையான இந்திக்காரர் எவரும் அங்கே நீதிபதியாக அமர்ந்திருக்கவில்லை. மாஸ்டர் பிள்ளை தனியாக நின்றார். சுற்றியிருந்தவர் அனைவரும் நேராகப் பேசினார்கள். தாராவிக் குழாயடியில் நேராகப் பேசுபவர் ஒருவரும் இலர். இந்த வேறுபாட்டை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். பள்ளியில் தங்கள் தாயாரின் இந்தியைப் பிறர் பேசிக்காட்டக் கேட்டு முகம் சிவந்து வீடு திரும்பும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் 2007இல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. தொழிலாளர் இட்ட பெயர் மாறவில்லை. ஜானியின் தம்பி ஜிம்மி மோசஸும் விகட மேடைக்கு வந்தார். மகள் ஜேமியும் அதே கலையை மேற்கொண்டு, ஜேமி லீவர் என்ற பெயருடன் மேடையேறுகிறார். பாடகி ஆஷா போஸ்லேயைப் போல அவர் பேசிக்காட்டும்போது, தந்தையின் பழைய நாடாவைக் கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டும் சிரிக்கலாம்.