தொட்டியின் நீர்மட்டத்தைக் கீழிருந்தே அறியும் கருவி

குடிநீர் வழங்குதல் ஊராட்சி மன்றங்களின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும். மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு நீர் உள்ளதென அறியாமல் மோட்டாரை ஓட்டினால் நீர் வழிந்து வீணாகும், மின்கட்டணமும் உயரும். ஓட்டத் தவறினாலோ, குழாயடியில் குடங்கள் காத்துக் கிடக்கும். ஏணியில் ஏறிப் பாராமலே நீர்மட்டத்தை அறிவிக்கும் கருவி ஆலைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதனை டிரான்ஸ்டியூசர் என்பர். ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றித் தருவதே அதன் வேலை.

நீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. தொட்டியின் அகலத்தைப் பொறுத்ததன்று. 10 மீட்டர் உயர நீர், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவு அழுத்தும். தொட்டியின் அடியில் வைக்கப்படும் கருவியிலுள்ள மெல்லிய தகடு இவ்வழுத்தத்தால் சிறிதே வளையும். அதனோடு ஒட்டியுள்ள நுண்ணிய மின்தடையும் உடன் நீளும். கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்பதைப் பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1856-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இம்மாற்றமே மின்னோட்டமாகிக் கம்பி வழியே மோட்டார் அறைக்கு வருகிறது.

அம்மின்னோட்டம் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை அமைவது வழக்கம். 4 மீட்டர் ஆழமுள்ள தொட்டி காலியாயின் 4, நிரம்பினால் 20, 12 எனக் காட்டினால் 2 மீட்டர் நீர் உண்டெனக் கொள்ளலாம்.

காலித் தொட்டிக்குப் பூச்சியம் என வைக்காதது ஏன்? எலி கம்பியைக் கடித்துவிட்டால் மின்னோட்டம் பூச்சியமாகிவிடும். காலித் தொட்டிக்கும் அதுவே அடையாளமாயின், தானியங்கி அமைப்பு நீரில்லை எனக் கருதி மோட்டாரை இரவெல்லாம் ஓட்டும். 4-இல் தொடங்குவதால், பூச்சியம் என்பது பழுது என்றே பொருள்படும். அப்போது மோட்டாரை நிறுத்தி மணி ஒலிக்குமாறு அமைப்பைப் பொருத்துதல் வேண்டும்.

இக்கருவி தொட்டியை மட்டுமே அறியும். ஆழ்துளைக் கிணறு வற்றியதை அறியாது. நீரின்றி மோட்டார் ஓடிக் கருகுவதைத் தடுக்கத் தனிக் காப்பு தேவை. தம் தோட்டத்தில் தொட்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இது பொருந்தும்.

எனவே, கருவி வாங்கும்போது நில இணைப்பும் இடிமின்னல் காப்பும் உண்டா எனக் கேட்டறிவோம். திங்களுக்கு ஒருமுறை அளவுகோலை இறக்கி நீரின் ஆழத்தை அளந்து, கருவி காட்டும் அளவோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் குறித்து வைப்போம். இரண்டும் மாறுபட்டால் உடனே கருவியைச் சரிசெய்வோம். இவ்வாறு பேணினால் ஊரின் நீரும் பணமும் வீணாகா.