பாட்டோடு ஒரு பயிற்சி

என் நாத்தனார் பையனுக்கு வயது 7. டூஷேன் என்ற தசைச் சிதைவு நோய். தசையைக் காக்கும் ஒரு புரதம் உடம்பில் உண்டாகாததால், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது.

பாட்டு இதைக் குணமாக்காது. ஆனால் கணுக்கால் இறுகிவிடாமல் தினமும் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கணுமே, அப்போது அழுது ஊரைக் கூட்டுவான். இப்போது, பிஸியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தபடி நாத்தனார் பிடிக்க, நான் பாடுகிறேன். ஒரு பல்லவி முடியும் வரைதான் பிடி! அவனும் கூடவே பாடுகிறான். உட்கார்ந்தபடி கை வீசித் தாளம் போடுகிறான். இழுத்துப் பாடுவதும் மவுத் ஆர்கன் ஊதுவதும் மூச்சுக்கு நல்ல பயிற்சி.

இந்தக் குழந்தைகளைக் குதித்து ஆட விடக் கூடாது, தசைக்குக் கேடு. களைத்தால் உடனே நிறுத்திவிடணும்.

அடிக்கடி விழுந்து, தொடையில் கையூன்றி எழுந்திருக்கும் குழந்தையைச் 'சோம்பேறி' என்று திட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள், சகோதரிகளே!