எண்ணெய் வைக்காத தலை, எழுதி வைத்த தாள்

விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணியில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர் கையில் ஸ்கேன் கவர் இருக்கும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து மக்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் மதுரைதான். கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனை, மேலூர் சாலையில் தனியார் மருத்துவமனைகள் என்று பிரிந்து போகிறவர்களில் வலிப்புக்காக நரம்பியல் மருத்துவரைத் தேடி வருகிறவர்களும் உண்டு. சீட்டில் 'ஈஈஜி' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் சிலர் கலங்கிப்போகிறார்கள். தலைக்குக் கரண்ட் வைப்பார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

ஈஈஜி கருவி மூளைக்குள் எதையும் செலுத்துவதில்லை. மூளை தானே உண்டாக்கும் மின்சாரத்தைத் தலைக்கு வெளியே இருந்து பதிவு செய்கிறது. வலி இல்லை, ஊசி இல்லை. ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அதை வெளியிட 1929 வரை காத்திருந்தார். அப்போதும் பலர் நம்பவில்லை. ஆனால் 1935இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இன்னொரு வியப்பைக் கண்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் நிலைகுத்திப் பார்த்து நின்றுவிடும் குழந்தைகளின் மூளையில், நொடிக்கு மூன்று முறை, ஒரே சீராக முள்ளும் அலையும் எழுந்து அடங்கின. வகுப்பில் கவனமில்லை என்று திட்டு வாங்கிய பிள்ளைக்கு இருந்தது வலிப்பு என்று காகிதத்தில் ஓடிய கோடு காட்டிக்கொடுத்தது.

அந்தக் கோடு எவ்வளவு மெல்லிய சமிக்ஞையிலிருந்து வருகிறது தெரியுமா? டார்ச் லைட் செல் ஒன்று 1.5 வோல்ட். தலையின் மேல்தோலை எட்டும் மூளை அலை சுமார் 50 மைக்ரோவோல்ட். செல்லின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் ஒத்து இயங்கினால்தான் மண்டையோட்டைத் தாண்டி இவ்வளவாவது வெளியே வரும். முன்தயாரிப்பு எல்லாம் இதற்காகத்தான். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலையை அலசிக் காயவைத்து, எண்ணெய் தொடாமல் வரவேண்டும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை எவ்வளவு மணத்தாலும் அன்று தலையில் வேண்டாம். டெக்னீஷியன் டேப் வைத்துத் தலையை அளந்து, இருபது இருபத்தொரு இடங்களில் பசை தடவி மின்முனைகளை ஒட்டுவார்.

ரத்தப் பரிசோதனைபோல இதற்கு வெறும் வயிற்றோடு வரக்கூடாது. பசியில் சர்க்கரை குறைந்தால் அலைகளே மாறும். காபி, டீ வேண்டாம். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சிலருக்குத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். தூங்கும்போது நரம்பணுக்கள் கூட்டாக ஏறி இறங்குவதால், விழிப்பில் மறைந்திருக்கும் முட்கள் தூக்கத்தில் தலைகாட்டும். ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை வழியில் தூங்கிவிட்டால் இரவெல்லாம் விழித்தது வீண். தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், சொன்னால் மட்டும் செய்ய வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும்.

இவ்வளவு செய்தும் முதல் ஈஈஜி 'நார்மல்' என்று வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான் வருகிறது. கருவி பார்ப்பது அரை மணி நேரத்தை. நோய் இருப்பது மாதக்கணக்கில். அதனால்தான் நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்பது, 'பார்த்தது யார்?' வலிப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம், தெளிய எவ்வளவு நேரம், மாத்திரை விட்டுப்போயிருந்ததா என்று கண்ணால் கண்டவர் எழுதிய ஒரு தாள் நோயின் இடத்தையே காட்டக்கூடும். செல்போன் வீடியோ அதைவிட மேல். ஆனால் முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதால் வலிப்பு நிற்காது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

காரணத்தைத் தேடுவது ஸ்கேனின் வேலை. 1980களில் நம் நாட்டு வலிப்பு நோயாளிகள் பலரின் மூளையில் சிறு வளையம்போல ஒரு கட்டி சி.டி.ஸ்கேனில் தெரிந்தது. காசநோய்க் கட்டி என்றே பெரும்பாலும் கருதி மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் கட்டியை எடுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம். 1989இல் 'லான்செட்' இதழில் அதை வெளியிட்டார்கள். அந்தக் கட்டிகளில் பல தாமாகவே மறையக்கூடியவை. புழுவின் முட்டை மனித மலத்திலிருந்து கழுவாத கீரை, கழுவாத கை வழியாக வருவதால், சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரலாம்.

சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் நிற்காவிட்டால், வலிப்புக்கென்றே உள்ள சிறப்பு மையத்துக்குப் போக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவை சிகிச்சை நடக்கிறது. பல நாள் இரவுபகலாக வீடியோவோடு ஈஈஜி எடுத்து, வலிப்பு தொடங்கும் புள்ளியைத் தேடுகிறார்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. வீடுகளில் மட்டும் இன்னும் மறைக்கிறோம். பெண்ணுக்கு வலிப்பு வந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம், 'யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்' என்று கெஞ்சுகிறோம். மருத்துவருக்கு வேண்டிய சாட்சியின் வாயையே அப்படி அடைத்துவிடுகிறோம். மதுரைக்குக் கிளம்பும்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையோ பள்ளி டீச்சரையோ கூட அழைத்து வாருங்கள். முடியாவிட்டால் அவர்கள் பார்த்ததை எழுதி வாங்கி வாருங்கள். அரை மணி நேர ஈஈஜி தவறவிட்டதை அவர்கள் கண்கள் பார்த்திருக்கலாம்.