எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றைத் தொடரும் சிறுநீரக அழற்சி

எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றைத் தொடரும் சிறுநீரக அழற்சி என்பது, மெத்திசிலின் மருந்தை எதிர்க்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் தொற்றுக்கு எதிராக எழும் நோய் எதிர்ப்பு வினைகள், சிறுநீரகத்தின் வடிகட்டிகளான குளோமருலஸ்களைச் சேதப்படுத்துவதால் ஏற்படும் நோயாகும். தொற்று தோல், நுரையீரல், எலும்பு அல்லது அறுவைப் புண்ணில் இருக்கலாம்; பாக்டீரியா சிறுநீரகத்தினுள் புகாமலேயே இச்சேதம் நிகழும்.

வரலாறு

மெத்திசிலினை எதிர்க்கும் பாக்டீரியா 1961-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறியப்பட்டது. அதன் தொற்றுடன் இணைந்த சிறுநீரக அழற்சியை 1995-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயாமா உள்ளிட்ட ஆய்வாளர்கள் விவரித்தனர்.

நோய் உருவாகும் முறை

சாதாரண எதிர்ப்பொருள் தூண்டி (ஆன்டிஜென்) ஒன்று, தனக்குப் பொருந்தும் மிகச் சில டி செல்களை மட்டுமே தூண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் சுரக்கும் சில நச்சுப் புரதங்களோ டி செல்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஒரே நேரத்தில் தூண்டவல்லவை. எனவே இவை மீத்தூண்டிகள் எனப்படுகின்றன. சுகுபா ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கத்தின்படி நோய் பின்வருமாறு வளர்கிறது:

1. தூண்டப்பட்ட டி செல்கள் சைட்டோகைன்களை மிகுதியாகச் சுரக்கின்றன.
2. அவற்றால் பி செல்கள் ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள்களைப் பெருமளவில் உண்டாக்குகின்றன.
3. எதிர்ப்பொருள்கள் கூட்டுப்பொருள்களாகி குளோமருலஸ்களில் படிகின்றன.
4. அங்கு சி3 முதலிய நிரப்புப் புரதங்களும் வெள்ளையணுக்களும் சேர, வடிகட்டி பழுதடைந்து, புரதமும் இரத்தமும் சிறுநீரில் கசிகின்றன.

மருந்து எதிர்ப்பின் பங்கு

பாக்டீரியாவின் மெக்ஏ மரபணு உண்டாக்கும் மாற்றுப் புரதமே மெத்திசிலினைச் செயலிழக்கச் செய்கிறது. இப்புரதம் சிறுநீரகத்தைத் தாக்குவதில்லை. மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் வகையாலும் இதே அழற்சி ஏற்படுவதுண்டு. ஆனால் பொருத்தமற்ற மருந்தால் தொற்று நீடிக்கும்போது, நோய் எதிர்ப்பு வினைகளும் ஓயாமல் தொடர்கின்றன.

கண்டறிதல்

கால் வீக்கம், நுரைத்த அல்லது செந்நிறச் சிறுநீர், உயர் இரத்த அழுத்தம், கிரியேட்டினின் உயர்வு ஆகியவை அறிகுறிகள். முதியோரும் நீரிழிவு நோயாளிகளும் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பிந்தைய அழற்சி பெரும்பாலும் தொற்று ஆறிய சில வாரங்களில் தோன்றும். இதுவோ தொற்று நீடிக்கும்போதே தோன்றுவது வழக்கம். சிறுநீரகத் திசு ஆய்வு நோயை உறுதிப்படுத்த உதவுகிறது.

சிகிச்சை

சீழை அகற்றுவதும் ஏற்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதும் முதன்மையானவை. வான்கோமைசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதன் இரத்த அளவு கண்காணிக்கப்படுகிறது. வேறு சில சிறுநீரக அழற்சிகளில் பயன்படும் ஸ்டீராய்டு, இங்கு அடங்காத தொற்றை உயிருக்கு ஆபத்தாக்கலாம். ஆகவே ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதியிலிருந்து இதைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

தமிழ்நாட்டில்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி போன்ற சிறு நகரங்களில், ஆறாத புண்ணுடன் வருவோருக்குச் சிறுநீரில் புரதம் உள்ளதா எனப் பார்க்கும் எளிய சோதனையே நோயை முதலில் காட்டிக்கொடுக்கும். திசு ஆய்வுக்கு, சுமார் 70 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளை நாட வேண்டும். மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் திட்டத்தை முன்வைத்த சென்னைப் பிரகடனம் 2012-இல் உருவானது. மருத்துவர் சீட்டின்றிச் சில நுண்ணுயிர்க்கொல்லிகளை விற்பதைத் தடுக்கும் எச்1 அட்டவணை 2014 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது.