முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற குடியிருப்புத் திட்டமிடல்

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற குடியிருப்புத் திட்டமிடல் என்பது, உடலின் ஆற்றல் குறைந்த நிலையிலும் ஒருவர் தம் வீட்டிலும் தெருவிலும் ஊரிலும் பிறர் தூக்கிவிடாமல் நடமாடி வாழும்படி வீடுகளையும் பொது இடங்களையும் அமைக்கும் முறையாகும். முதியோர் இல்லம் கட்டுவது இதன் ஒரு சிறு பகுதியே. பெரும்பாலான முதியோர் வாழ்வது தம் சொந்த ஊரில், குடும்பத்தாரின் வீட்டில்தான். எனவே சாதாரண வீடும் சாதாரண தெருவும் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதே இத்திட்டமிடலின் முதன்மையான கேள்வி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்புட்குழியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

மக்கள்தொகைப் பின்னணி

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. மக்கள்தொகை முன்கணிப்புக்கான தேசியத் தொழில்நுட்பக் குழு, இது 2021இல் 13.6 விழுக்காடாகவும் 2031இல் 18.2 விழுக்காடாகவும் உயரும் எனக் கணித்தது. அதே கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகப் பதிவு செய்தது. அப்போது எண்வகைக் குறைபாடுகளே கணக்கில் கொள்ளப்பட்டன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது.

இவ்விரு பிரிவினரின் வீட்டுத் தேவைகள் பெரிதும் ஒன்றே. பிறவியிலேயே கால் இயலாதவருக்கும், எழுபது வயதில் முழங்கால் தேய்ந்தவருக்கும், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்கும் ஒரே வாசற்படிதான் தடையாகிறது.

திருப்புட்குழி

திருப்புட்குழி, காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள பாலுசெட்டிச் சத்திரத்துக்கு அருகில் அமைந்துள்ளது. 108 வைணவத் திருத்தலங்களுள் ஒன்றான விசயராகவப் பெருமாள் கோயில் இங்கு உள்ளது. சீதையைக் காக்கப் போராடிச் சிறகிழந்து இறந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். ஊர்ப்பெயரில் உள்ள ‘புள்’ என்னும் சொல் பறவையைக் குறிக்கிறது. முதுமையுற்று உறுப்பிழந்த ஒருவரைத் தந்தைக்கு நிகராகப் போற்றிய கதையை ஊர்ப்பெயராகவே தாங்கிய தலம் இது.

இவ்வட்டாரத்தில் முதுமை மூன்று இடங்களில் தடைகளைச் சந்திக்கிறது: தறி உள்ள வீடு, கோயில், நெடுஞ்சாலை.

நெசவாளர் வீடு

காஞ்சிபுரம் வட்டாரப் பட்டு நெசவு நெடுங்காலமாக வீட்டிலேயே நடந்துவரும் தொழில். குழித்தறியில் நெய்பவர் தரையின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை இயக்குவார். ஆண்டுக்கணக்கில் இப்படி அமர்பவருக்கு இடுப்பும் முழங்காலும் விரைவில் தளர்கின்றன. நுண்ணிய சரிகை வேலையால் பார்வையும் களைப்படைகிறது. குழியில் இறங்கவும் ஏறவும் முடியாத நாளில் அவருடைய வருமானம் நின்றுபோகிறது. ஆனால் தறி வீட்டிலேயே இருக்கும். வீட்டின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும்.

பழைய நெசவாளர் தெருக்களில் வீடுகள் பக்கச்சுவரைப் பகிர்ந்தபடி குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். முன்பக்கம் திண்ணை, நடுவில் தறி, கொல்லைப்புறத்தில் கழிவறை என்பது வழக்கமான அமைப்பு. இரவில் எழும் முதியவர் தறிக்கும் சுவருக்கும் இடையிலான சந்தைக் கடந்து, நிலைப்படியைத் தாண்டி, முற்றத்தில் இறங்கிக் கழிவறைக்குச் செல்ல வேண்டும். வழுக்கி விழும் ஆபத்து இந்த வழி முழுவதும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்தால் பலருக்கு அதன்பின் நடமாட்டமே இல்லாமல் போகிறது.

தரைமட்டத்துக்கு மேல் சட்டத்தில் நிறுத்தப்படும் தறி, காலைத் தொங்கவிடாமல் இருக்கையில் அமர்ந்து நெய்ய உதவும். குழியை உறுதியான பலகையால் மூடுவது, தறியின் ஒருபுறம் 90 செ.மீ. வழி விடுவது, கொல்லை வரை சுவரில் கைப்பிடி பொருத்துவது ஆகியவை குறைந்த செலவில் செய்யத்தக்கவை.

வாசற்படியின் கணக்கு

மழைநீர் புகாமல் இருக்க வீட்டின் அடித்தளத்தைத் தெருவைவிட உயர்த்துவது தமிழ்நாட்டு வழக்கம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 என்ற சரிவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் தேவை.

அடித்தளம் ஒன்றரை அடி உயர்ந்தால் சாய்தளத்தின் நீளம் 18 அடி. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டப்படும் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. 18 அடிக்கு 20 அடி என்று அவ்வீட்டை அமைத்தால், சாய்தளம் வீட்டின் ஒரு பக்க அளவுக்கு நீண்டுவிடும். வீடு கட்டி முடித்தபின் அதற்கு இடம் தேடினால் கிடைக்காது. மனையில் அடித்தளக் கோடு போடும்போதே பக்கச்சுவரை ஒட்டி மூன்றரை அடி அகலம் விட்டால் போதும். வரிசை வீடுகளில் முன்புற நடைபாதையைப் பொதுவாக உயர்த்தி, ஒரு முனையில் மட்டும் சாய்தளம் அமைக்கலாம். எல்லா வீடுகளுக்கும் அது பயன்படும்.

வீட்டுக்குள்

பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள் சில:

• கதவுகளின் திறப்பு 90 செ.மீ. இருக்க வேண்டும். வழக்கமான கழிவறைக் கதவுகள் இரண்டு அல்லது இரண்டரை அடியே இருப்பதால் சக்கர நாற்காலி நுழையாது.
• சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் தேவை.
• கழிவறையில் அமரும் வகைப் பீங்கான், அதன் இருபுறமும் கைப்பிடி, சொரசொரப்பான தரை ஆகியவை வேண்டும். கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உட்புறம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.
• மின்விசைகள் அமர்ந்தபடியே எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.
• பார்வை மங்கியவருக்காகப் படி விளிம்புகளில் மாறுபட்ட வண்ணம் பூச வேண்டும்.

தெருவும் ஊரும்

வீடு மட்டும் சீரானால் போதாது. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட முதியோர்க்கு உகந்த நகரங்களுக்கான கையேடு, வீட்டுவசதியோடு பொது இடங்கள், போக்குவரத்து, சமூகப் பங்கேற்பு, மதிப்பு, வேலைவாய்ப்பு, தகவல், மருத்துவம் ஆகியவற்றையும் சேர்த்து எட்டுத் துறைகளை வகுத்தது.

பழைய கற்கோயில்களில் உயர்ந்த நிலைப்படிகளும் வெயிலில் சுடும் கற்றளமும் முதியோரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. தொன்மையான கட்டடத்தை இடிக்காமலே, எடுத்து வைக்கக்கூடிய மரச்சாய்தளம், கைப்பிடி, தேங்காய் நார்ப் பாய் ஆகியவற்றால் வழி அமைக்கலாம். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் பேருந்து நிறுத்தத்தில் இருக்கை, நிழல், சாலையைக் கடக்க நடுவில் நின்று செல்லும் இடம் ஆகியவை தேவை. சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தளத்தின் மேலேயே போடுவதால் தெருமட்டம் உயர்ந்து, வீட்டு வாசல்கள் மாறிப்போகின்றன. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுப் போடுவதே இதற்குத் தீர்வு.

மருத்துவம் வீடு தேடி வருவதும் இத்திட்டமிடலின் பகுதி. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு செல்கிறது.

சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடங்களுக்கு அனுமதியோ நிறைவுச் சான்றோ வழங்கக் கூடாது என்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. அக்கெடு 2022இல் முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்கவும் ஆணையிட்டது.

இச்சட்டத்தின் 37ஆம் பிரிவு, அரசு வீட்டுத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு அளிக்கிறது. எனினும் வீடு ஒதுக்கப்படுவது வேறு, அந்த வீட்டுக்குள் நுழைய முடிவது வேறு. முதுமையில் இயலாமை அடைவோரில் பலர் இந்த ஒதுக்கீட்டின் கணக்கிலேயே வருவதில்லை.

பிற முன்மாதிரிகள்

2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஆதரவற்ற முதியோருக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைப்பு கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வி, சிகிச்சை, தொழிற்பயிற்சி ஆகியவற்றை ஒரே வளாகத்தில் வழங்குவதோடு சுற்றியுள்ள ஊர்களுக்கும் கொண்டு செல்கிறது. கோயம்புத்தூரில் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் பெருகியுள்ளன. அவை வாங்கும் வசதி உள்ளோருக்கானவை.

தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூர் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கு 2012 முதல் முதியோர் தாம் ஏற்கெனவே வாழும் அடுக்குமாடி வீட்டிலேயே கைப்பிடி, வழுக்காத தரை, சாய்தளம் ஆகியவற்றைப் பொருத்திக்கொள்ள அரசு மானியம் தருகிறது. முதியவரை இடம் மாற்றாமல் வீட்டையே அவருக்கேற்ப மாற்றும் இம்முறையே நெசவாளர் தெருக்களுக்கும் பொருந்தும்.

அமைத்ததைப் பேணுவதும் முக்கியம். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்ல 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதை, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தது.

தொடக்கத்திலேயே திட்டமிடுதல்

2024–25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் வீடுகளைக் கட்ட இலக்கு வைத்தது. முதல் ஆண்டில் ஒரு லட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று தொடங்கியது. இவ்வீடுகளில் இன்று குடியேறும் நாற்பது வயதினர் முப்பது ஆண்டுகளில் எழுபதைத் தொடுவர். அகலமான கதவும் சாய்தளத்துக்கான இடமும் கட்டும்போது சிறு செலவு. பின்னர் அவற்றுக்காகச் சுவரை இடிக்க வேண்டிவரும்.

ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. எந்தத் தெருவில் எத்தனை பேர் படியேற இயலாதவர், எந்தக் கழிவறைக்குக் கைப்பிடி வேண்டும், எந்த நிறுத்தத்தில் இருக்கை இல்லை என்ற பட்டியலை அங்கு வைத்து, வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க முடியும். பெரிய கட்டடம் எதையும் எழுப்பாமலே ஓர் ஊர் தன் முதியோருக்கு ஏற்றதாக மாறத் தொடங்குவது அந்தப் பட்டியலிலிருந்துதான்.